இடைகழியில் நின்றவர்கள்

வழக்கமாகப் பதினோரு காலடியில் கடந்துவிடும் இடைகழியைக் கடக்க, அன்று பிற்பகல் யுகேஷுக்குப் பதின்மூன்று அடிகள் தேவைப்பட்டன. பின்னால் வந்த ஆறு விருந்தினர்களுக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஒன்றரை ஆண்டுகளாக நாளுக்கு இரு தடவை ஆட்களை அந்த வழியாக அழைத்து வருகிறவன் என்பதால், அவனுடைய கால்கள் மட்டும் அதன் நீளத்தை மனப்பாடம் செய்திருந்தன. தான்தான் எண்ணத் தவறியிருக்க வேண்டும் என்று பணிவாகத் தன்னைத் திருத்திக்கொண்டு, அவன் கூடத்துக்குள் நுழைந்தான்.

புசல்லாவைக்கு மேலே தேயிலை மலையின் தோளில் நிற்கும் அந்த மாளிகையை, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டினார். இங்கிலாந்தில் தம் முன்னோர் வாழ்ந்த, அறுநூறு ஆண்டுப் பழைமையுள்ள பண்ணை மாளிகை ஒன்றை நினைவிலிருந்து வரைந்து கொடுத்து, அதைப் போலவே இங்கும் எழுப்பச் செய்தார் என்பார்கள். இப்போது அது ஹோட்டல். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த யுகேஷுக்கு, அதன் கதையை விருந்தினருக்கு எடுத்துச் சொல்வது உத்தியோகம்.

“மேல கூரையப் பாருங்க. இங்கிலாந்துல ஓக் மரம், இங்க பலா மரம். அவ்வளவுதான் வித்தியாசம்,” என்றான். ஈரமான பலகைகளின் மணம் உயரத்திலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. “அந்தக் காலத்துல பிரபுவும் வேலைக்காரங்களும் இந்த மாதிரி ஒரே கூடத்துலதான் சாப்பிட்டாங்க. போகப் போக, தன்னோட ஆக்கள் சாப்பிடுறதப் பாக்கவே பிரபுவுக்குக் கூச்சமாப் போச்சு. மேல ஓர் அறையக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ஆனா கீழ என்ன நடக்குதுன்னு தெரியணுமே. அதுக்குத்தான் அது.”

சுவரின் உச்சியில் உள்ளங்கை அகலத்தில் இருந்த துளையை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“எங்கட மாமி ஊட்டுலயும் இப்பிடி ஒண்டு ஈக்கி,” என்றாள் கொழும்பிலிருந்து வந்திருந்த ஸுமைரா. “அவங்கட கண்ணு.”

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, யுகேஷ் கூடத்தின் கோடியில் இருந்த செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தடுப்பைக் காட்டினான். “இதுக்குப் பின்னாலதான் நாம வந்த இடைகழி. கூப்பிடுற வரைக்கும் வேலைக்காரங்க அங்கதான் நிக்கணும். துரை அந்த வழியா நடந்தா செவத்தப் பாத்துத் திரும்பிக்கணும். மொகம் அவரு கண்ணுல படக்கூடாது.”

“எவ்வளவு நேரம் நிப்பாங்க?” என்று கேட்டார் விருந்தினர் ஒருவர்.

“கூப்பிடுற வரைக்கும்.”

அதைச் சொன்னபோது அவனும் புன்னகைத்தான். தன்னைப் பெற்றவள், இது ஹோட்டலாகும் முன்பு, அந்தக் கூடத்தை இருபத்திரண்டு வருடம் கூட்டிப் பெருக்கியவள் என்பதை அவன் இங்கே யாருக்கும் சொன்னதில்லை. சொந்த ஊர் கண்டி நகரம் என்றே வேலைக்கான படிவத்தில் எழுதியிருந்தான். இரண்டு மைல் மேலே, அவள் இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு அவன் போய் ஏழு மாதமாகியிருந்தது.

கூடத்தின் முன்வாசல் கதவு திறந்ததும், மூடுபனியின் ஈரம் தரையோடு ஊர்ந்து உள்ளே வந்தது. அதன் பின்னால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, தலையில் தூறல் மினுங்க, அவனுடைய அம்மா நின்றாள்.

“தம்பி,” என்றாள்.

இளைஞர் எவரையும் அப்படி அழைக்கலாம். அந்தச் சொல் அவனுக்கு ஒரு சிறு மறைவிடத்தைக் கொடுத்தது. அதற்குள் அவன் அவசரமாக ஒதுங்கிக்கொண்டான்.

“வீடு கட்டக் குடுக்குற காணித் துண்டுக்கு, குடும்பத்துல எல்லாரோட ஐடி காப்பியும் வேணுமாம் தம்பி. கிராம சேவகர் கேக்குறாரு. நாளைக்குக் கடைசி நாளு.”

வரவேற்பு மேசையில் இருந்த முகாமையாளர் ஷிராஸ் தலையை உயர்த்தினார். “இது ஆரு யுகேஷ்? தெரிஞ்ச ஆளா?”

லயத்தில் யாரும் பெற்ற தாயின் பெயரை வாயால் சொல்வதில்லை. பள்ளியில் ஆசிரியர் கேட்டபோதுகூட, கொப்பியில் எழுதித்தான் அவன் காட்டியிருக்கிறான். ஆறு முகங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“இவங்க வேலாயி,” என்றான். “முந்தி இங்க கூட்டிப் பெருக்கினவங்க.” பிறகு, சொன்னதை உறுதிப்படுத்தியே தீரவேண்டும் என்பதுபோல, அவள் பக்கம் திரும்பினான். “வேலாயி, பின்னால போய் நில்லுங்க. நான் கூப்பிடுறேன்.”

அவள் கோபப்படவில்லை. வேறொருவர் வீட்டுக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவளைப் போல, அவனுக்காகவும் சேர்த்து வெட்கப்பட்டாள். தலையைக் குனிந்துகொண்டு தடுப்பின் பின்னால் போனாள்.

“சரிங்க தொரை,” என்று அங்கிருந்து குரல் வந்தது.

அதில் கேலி இருக்கிறதா என்று அவன் தேடினான். இருந்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மாடி அறையில் விருந்தினர்கள் ஒவ்வொருவராகத் துளையில் கண் வைத்துப் பார்த்தார்கள். ஸுமைரா சற்று அதிக நேரம் பார்த்தாள். “பாவம், எத்தன பேரு நிக்கிறாங்க. எல்லாம் ஹோட்டல் ஆக்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேநீருக்காகப் படியிறங்கினாள்.

மற்றவர்களும் போன பிறகு அவன் குனிந்தான். கூடம் தெரிந்தது. தடுப்பின் மேல்விளிம்புக்கு அப்பால் இடைகழி ஓர் ஒடுங்கிய கீற்றாகத் தெரிந்தது. அங்கே அம்மா சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு அடுத்து இன்னொரு பெண். அவளுக்கு அப்பால் இன்னொருத்தி. ஒரே மாதிரியான முதுகுகளும் கொண்டைகளும் வெளிச்சம் எட்டாத தூரம் வரை போயின. அந்தச் சிறு துளை வழியாக, பச்சைக் கொழுந்தின் மணமும் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கின் நனைந்த சாக்கு நெடியும் கலந்து, யாரோ ஊதியதைப் போல, அவன் கண்ணில் இளஞ்சூடாகப் பட்டன.

படியிறங்கும்போது அவன் முடிவு செய்துவிட்டான். அம்மா என்றே கூப்பிடுவது. கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே அழைத்துப் போவது. யார் பார்த்தாலும் சரி.

கூடத்தில் மின்சாரம் நின்றிருந்தது. மணி நாலரைதான், ஆனால் மூடுபனி ஜன்னல்களை வெள்ளைத் துணி போட்டு மூடியதுபோல் அடைத்திருந்தது. அவன் தடுப்பின் முன் நின்று வாயைத் திறந்தான். ஷிராஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“வேலாயி,” என்றான் யுகேஷ்.

“தொரை.”

அது ஒரு குரல் அல்ல. வாய்கள் பல, சொல் ஒன்று. மிகத் தாழ்வாக, மிகத் தொலைவு வரை அது போய்க்கொண்டிருந்தது.

ஷிராஸுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. “அந்த மனுசிய அனுப்பி விடுங்க, மழ வரப் போகுது,” என்று எழுந்தார். “நான் கெஸ்டுகளுக்குத் தேத்தண்ணி போகுதான்டு பாத்துட்டு வாறேன்.”

அவருடைய காலடிச் சத்தம் வெளியே போய் மறைந்தது. இப்போது கேட்பதற்கு ஒருவருமில்லை. ஒருவருமில்லாதபோதுதான் அவனுக்கு அந்தச் சொல் வந்தது.

“அம்மா.”

தடுப்பை ஒட்டி நின்று மறுபடி கூப்பிட்டான்.

“அம்மா, நான்தான்.”

கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. ஆள் இருந்தபோது சொல்லாத சொல்லை ஆளில்லாதபோது வாங்கிக்கொள்ள, அந்த மரத்தடுப்புக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அவன் உள்ளே போனான்.

பதினோரு அடி. பதின்மூன்று. இருபது. மறுமுனையில் இருக்க வேண்டிய சமையலறைக் கதவு வரவில்லை. இடது கைப்பக்கம் முழுவதும் முதுகுகள். அவனுக்கு வழிவிட்டு, சுவரோடு இன்னும் நெருங்கி ஒட்டிக்கொண்டன. துணி சுவரில் உரசும் சத்தம். மூச்சை அடக்கும் சத்தம். ஒவ்வொருவரையும் கடக்கும்போது, “மன்னிச்சுக்கங்க,” என்றான். யாரும் திரும்பவில்லை. நாற்பது. நாற்பத்தொன்று. காலடியில் தரை ஈரமாக இருந்தது.

பிறகு அவளைக் கண்டான். வலது பக்கம் சரிந்த நரைக் கொண்டை. சட்டைக் கையில் வேறு நிற நூலால் போட்ட தையல். வெடித்த குதிகால்கள். சந்தேகமே இல்லை.

“அம்மா, வாங்க. முன்வாசலாலயே போவோம். எல்லாருக்கிட்டயும் நானே சொல்றேன்.”

அவள் அசையவில்லை.

“மொகத்தக் காட்டுங்கம்மா.”

தோளைத் தொட்டான். சூடாக இருந்தது. உயிருள்ள சூடு. மெல்லப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

கொண்டை.

வலது பக்கம் சரிந்த, அதே நரைக் கொண்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தில்.

மறுபடி திருப்பினான்.

கொண்டை.

வரிசை நெடுகிலும் பெண்கள் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒடுங்கினார்கள். அவன் இரண்டு கைகளாலும் அந்த முடியை விலக்கினான். அடியில் முடி. அதற்கும் அடியில் முடி. உள்ளே எங்கிருந்தோ, மிகுந்த மரியாதையோடு, அம்மாவின் குரல் வந்தது.

“வழி விட்டுத்தான் நிக்கிறோம். போங்க தொரை.”