துவக்குக் கட்டைக்கு வைத்த எண்ணெய்

மெருகுக்குப் போட்ட லின்சீட் எண்ணெயை மரம் குடிக்கவில்லை.

தோட்டத்துக் காவல்காரன் ரமேஸின் ஒற்றைக்குழல் துவக்கு அது. அதன் மரக்கட்டையைத் தச்சன் நிஷாந்த் காலையிலிருந்து சுரண்டி, வழவழப்பாகத் தேய்த்திருந்தான். எலும்பாகக் காய்ந்த மரம் எண்ணெயைக் கண்டதும் இழுத்திருக்க வேண்டும். இதிலோ சொட்டுகள் உருண்டு நின்றன. மூன்று மணிக்கே ஹல்துமுல்லை மலையில் இறங்கிவிட்ட பனி, தச்சுக் கொட்டகையின் கதவிடுக்கில் புகுந்து, மரத்தூள் வாசனையோடும் ஈரத் தகரத்தின் வாசனையோடும் கலந்து, அவன் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஆச்சா? நாளைக்கு லைசென்சுக்கு இதக் காட்டணும். கறை தெரிஞ்சா ரெண்டு பேரும் உள்ள போவோம்" என்றான் வாசலில் நின்ற ரமேஸ்.

"எண்ணெய் ஏற மாட்டேங்குதுண்ணே. இலுப்பெண்ணெயும் போட்டுப் பாத்துட்டேன்."

"தேங்காயெண்ணெய் போடு."

"அது காயாது. பிசுபிசுன்னு நிக்கும்."

"ஒரு நாள் நின்னாப் போதும். போடுடா."

சுரண்டியும் போகாத அந்தக் கறை கருப்பம்மாவின் ரத்தம். விறகு பொறுக்க வந்தவளைத் திருடி என்று சொல்லி இந்தக் கட்டையால்தான் ரமேஸ் மண்டையில் அடித்தான். அவனுக்குப் பயந்து, "பாறைல வழுக்கி விழுந்தாங்க, நான் பாத்தேன்" என்று விசாரணையில் சொன்னவன் நிஷாந்த். ஆணியடித்த பெட்டியில்தான் அவள் லயத்து வீட்டுக்கு வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்ட உறவுக்காரர்களை விடவில்லை. அன்றிலிருந்து நிஷாந்துக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை கொப்புளித்திருந்ததால், புறங்கையைத் தேங்காயெண்ணெயில் நனைத்துக் கட்டையில் தடவினான்.

மரம் குடித்தது.

இன்னொரு தடவை. குடித்தது. மூன்றாவது தடவையும் தடவிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. புறங்கையால் மூன்று முறை. பிணத்தின் தலைக்குத்தான் அப்படி எண்ணெய் வைப்பார்கள்.

கறையைக் காணோம். மரத்தின் ரேகைகள் கறுத்து, வகிடெடுத்து வாரிய மயிராகப் படிந்திருந்தன. தொட்டான். சூடு. கழுவாத தலையின் நாற்றம்.

"அண்ணே, இத எடுக்காதீங்க."

"நல்லாத்தானே இருக்கு" என்று ரமேஸ் துவக்கைப் பறித்தான். தோளில் முட்டுக் கொடுத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரைக் குறிபார்த்தான்.

கன்னம் திரும்ப எழவில்லை.

"அண்ணே?"

மடக். மடக். தண்ணீர் குடிக்கும் சத்தம்.

ரமேஸின் காது சுருங்கியது. கழுத்து ஒட்டியது. திறந்திருந்த கண் வறண்டது. கட்டை மட்டும் பளபளத்தது. நிஷாந்த் கதவைத் தேடினான். பனி. கதவு தெரியவில்லை.

துவக்கு சுவரை விட்டுத் திரும்பியது. காய்ந்த உடம்பும் அதோடு இழுபட்டுத் திரும்பியது. குழலின் வாய் நிஷாந்தின் நெற்றிக்கு நேரே வந்து நின்றது. கட்டையின் மறுபுறம், ரமேஸின் கன்னத்துக்கு எதிரே, எண்ணெய் வழியும் இன்னொரு கன்னம், ஒரு பெண்ணின் கன்னம், சாய்ந்தது. அதன் மேலே ஒரு கண் மெதுவாக மூடிக்கொண்டது. மற்றது அவனைக் குறிபார்த்தது.