காற்றில் பறந்து வரவில்லை

சேலையூரில் அனுப்பிரியாவின் வீட்டுக்கு அடுத்த வீடு துளசிங்கத்தினுடையது. அவர் வெளியூர்ப் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்தாலே அதிகம். மனைவி, மகளின் படிப்புக்காக அவளோடு திருச்சியில் இருந்தார்.

அவருடைய தோட்டத்தில் செடிகளைவிடக் குப்பைதான் அதிகம். பிளாஸ்டிக் பைகள், தேங்காய் ஓடுகள், ஒரு கால் உடைந்த நாற்காலி என்று என்னென்னவோ கிடந்தன. ஒரு மழை பெய்தால் போதும், கொசுக்கள் படையெடுத்து வரும்.

அனுப்பிரியா ஆறாம் வகுப்பு படித்தாள். ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று அந்தத் தோட்டத்தை அம்மாவின் போனில் படம் எடுத்தாள். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

“இந்த வீட்டால நம்ம தெருவுக்கே அசிங்கம்!” என்றும் எழுதினாள்.

“என்னைக் கேக்காம ஏன்டி அனுப்புனே?” என்று அம்மா திட்டினார். ஆனால் அதற்குள் பதினெட்டுப் பேர் கட்டை விரலை உயர்த்தியிருந்தார்கள். அன்று முழுவதும் அனுப்பிரியாவின் கால் தரையில் படவில்லை.

படத்தைப் பார்த்த யாரோ புகார் செய்ய, சனிக்கிழமை சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தார். துளசிங்கத்தைப் போனில் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை துளசிங்கம் வந்தார். இரவெல்லாம் பேருந்து ஓட்டிய கண்கள் சிவந்திருந்தன. காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு குனிந்து குப்பை பொறுக்கத் தொடங்கினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் தலை நிமிரவே இல்லை.

அனுப்பிரியா மதிலருகில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

“பாப்பா, இங்க வா” என்றார் துளசிங்கம். கையில் ஒரு கசங்கிய காகிதம். அதைத் தொடையில் வைத்து நீவி, மடித்து நீட்டினார். “உன் பேர் போட்டுக்கீது பாரு. பரீட்சை பேப்பராட்டம் இருக்கு. காத்துல பறந்து வந்துட்சு போல. டீச்சர் கேட்டா இன்னா பண்ணுவ? பத்திரமா வெச்சுக்கோ.”

கணக்குத் தாள். ஐம்பதுக்குப் பதினொன்று. போன மாதம் அம்மா பார்த்துவிடக் கூடாதென்று அவளே சுருட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தது!

அது மட்டுமா? மிக்சர் பாக்கெட், ஜூஸ் டப்பா, மை தீர்ந்த பேனா... எத்தனையை அப்படி எறிந்திருக்கிறாள்! அனுப்பிரியாவின் காது மடல்கள் சுட்டன. ‘தேங்க்ஸ் அங்கிள்’ என்று வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம். அவருக்குத் தெரியவே போவதில்லை.

ஆனால் கால்கள் நகரவில்லை.

“காத்துல வரலை அங்கிள்” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “நான்தான் தூக்கிப் போட்டேன். நிறைய தடவை. அந்தப் படத்தை அனுப்புனதும் நான்தான்.”

துளசிங்கம் சாக்கைக் கீழே வைத்தார்.

“என் பொண்ணும் அதப் பாத்துட்சு. யாரோ அனுப்பிக்கிறாங்க. ‘ஏம்பா இப்படி வெச்சுக்கிற, வெக்கமா இருக்கு’ன்னு போன்ல அழுதுச்சு” என்றார். மறுபடி குனிந்துகொண்டார்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அனுப்பிரியாவுக்கு. வீட்டுக்குள் ஓடினாள். அம்மாவிடம் தாளைக் கொடுத்து எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். கேட்டு முடித்ததும் அம்மா போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அனுப்பிரியா குழுவில் பேசி அனுப்பினாள்: “துளசிங்கம் அங்கிள் மேல தப்பு இல்லை. அவர் ஊர்ல இல்லாதப்ப நான்தான் அங்க குப்பை போட்டேன். நான் எழுதினது தப்பு. இப்போ சுத்தம் பண்ணப் போறேன்.”

இந்த முறை ஒரு கட்டை விரலும் உயரவில்லை.

அம்மாவும் அவளும் துடைப்பத்தோடு போனார்கள். துளசிங்கம் கேட்டைத் திறந்துவிட்டார். அரை மணி நேரம் மூவரும் வேலை செய்தார்கள்.

அப்போது எதிர்வீட்டு ரத்தினபாய் ஆன்ட்டி கூடையோடு வந்தார். யாரையும் பார்க்காமல், “அந்தத் தேங்கா ஓடெல்லாம்... எங்க வீட்டுதுதான்” என்றார்.

“எல்லாமேவா ஆன்ட்டி?” என்றாள் அனுப்பிரியா வியப்போடு.

“எல்லாமே இல்ல! ஒரு நாலஞ்சு... சரி, எல்லாம்தான்.”

துளசிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. அடுத்து மாடிவீட்டு ஜெயவேலு வந்தார். உடைந்த நாற்காலியைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார்.

மாலைக்குள் முக்கால்வாசித் தோட்டம் வெளியே தெரிந்தது. மூலையில் ஒரு செம்பருத்தி உயிரோடு இருந்தது. துளசிங்கம் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மீதியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“நாளைக்கு ஸ்கூல் விட்டு வந்து நான் முடிச்சுடறேன் அங்கிள்” என்றாள் அனுப்பிரியா.

அவர் சட்டைப் பையிலிருந்து கேட் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“அந்தச் செம்பருத்திக்கும் ரெண்டு சொம்பு தண்ணி ஊத்திடு பாப்பா.”

அவர் தெருமுனை திரும்பும்வரை அனுப்பிரியா நின்றாள். பிறகு கேட்டைப் பூட்டி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.