நரம்பு மருந்து

1934, ஆடி மாதம். காலை ஆறு பத்து. நெடுந்தீவில் வள்ளக்காரர் பஸ்ரியாம்பிள்ளை பாயில் விறைத்துக் கிடந்தார். தலைமாட்டில் மருந்துப் போத்தலும் கள்ளு முட்டியும்.

ஏழு மணிக்கு ஊர் நிர்வாகியான விதானையார் மயில்வாகனம் வந்தபோது ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டிருந்தது: மனைவி மேரிறோஸ் நஞ்சு வைத்துவிட்டாள்.

"மருந்து எத்தினை கரண்டி குடுத்தனீர்?" என்று அவளிடம் கேட்டார்.

"ஒரு கிழமையாய் ஒண்டு. நேற்றுப் பின்னேரம் நாலு, கள்ளோடை. கை நடுக்கம், நித்திரையுமில்லை. இது நரம்பு மருந்து, கூடக் குடுத்தால் பெலன் வரும் எண்டு அவற்றை தம்பி சூசைதான் சொன்னவர். மருந்தும் அவர் வாங்கியந்ததுதான். அண்டைக்கிருந்து அண்ணையைச் சுக்கான் பிடிக்க விடாமல் தானே பிடிச்சவர். அவ்வளவு பாசம்."

"வள்ளம் ஆருக்கு?"

"வாற மாதம் மகள் மாக்கிறேற்றுக்குச் சீதனமாய் எழுத இருந்தவர்."

எட்டரை மணி. மருந்துச்சாலையில் அப்போதிக்கரி தலையில் கைவைத்தார். "நரம்பை அடக்கிற மருந்து எண்டு சூசைப்பிள்ளையிட்டைச் சொன்னனான். ஒரு கரண்டி. கள்ளுச் சேர்ந்தால் மூச்சும் அடங்கிப்போம் எண்டும் சொன்னனான்."

ஒன்பது மணி. கரையில் சூசைப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான்.

"நரம்பு மருந்து எண்டதுதான் காதிலை விழுந்தது, விதானையார். அப்பிடியெண்டால் பெலன் எண்டு ஆரும் நினைப்பினம்."

அந்தச் சொல்லைக் கேட்டால் விதானையாரும் அப்படித்தான் நினைத்திருப்பார். இவன் சொல்வது மெய்யானால் பழி முழுவதும் மேரிறோசுக்கே.

"அண்ணைக்கு எவ்வளவு காலமாய்க் கை நடுக்கம்?"

"ரெண்டு வருசம்."

"அவ்வளவு நாளும் சுக்கான் பிடிச்சது?"

"அண்ணைதான்."

"நடுங்கின கையிலை சுக்கானை விட்டனீர். பெலன் மருந்து குடிச்ச கையிலை ஏன் விடேல்லை?"

சூசைப்பிள்ளை பாய்க் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

"அது ஆளை மந்தமாக்கும் எண்டு உமக்குத் தெரியும். வள்ளமும் நீரும் தப்பவேணும். அண்ணை மட்டும் போகவேணும்."

"இருவது வருசம் நான் பாய் இழுத்த வள்ளம்," என்றான் சூசைப்பிள்ளை. "எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் எழுதப் பாத்தவர்."

அவனைக் காவலில் வைத்துவிட்டு, விதானையார் மேரிறோசிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். உம்மிலை குற்றமில்லை என்றார்.

அவள் தலைமாட்டில் கிடந்த கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"கசக்குது, போதும் எண்டு முகத்தைத் திருப்பினவர், விதானையார். பெலன் வரும், குடியுங்கோ எண்டு நாலாவது கரண்டியை நான்தான் வாயிலை வைச்சனான்."

விதானையார் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.