தங்கையன் செத்த தேதி

"பெரியப்பா... கை தாங்க! கை தாங்க பெரியப்பா!"

பாறைக்குழியின் விளிம்பில், ஒரு ரப்பர் மரத்தின் வேரைப் பிடித்துக் கொண்டு தொங்கினாள் ஷைஜா.

கீழே நாற்பதடி. அதற்கும் கீழே பச்சைத் தண்ணீர்!

ரசலையன் நின்று பார்த்தார். எழுபத்தொரு வயதிலும் வளையாத முதுகு. கஞ்சி போட்ட வேட்டி. முப்பத்துநாலு வருஷம் கணக்கு வாத்தியார். ஊரில் அவருக்கு முன்னால் பீடி பிடித்தவன் கிடையாது.

கை கொடுக்கவில்லை.

ஷைஜாவின் இடது கை மேலே வந்து அவர் வேட்டியின் பச்சைக் கரையைப் பற்றியது. அவர் உதறினார். உதறிய வேகத்தில் முழங்கால் மரத்தில் இடித்தது. மரத்தில் கட்டியிருந்த சிரட்டை கவிழ்ந்து, அன்று வெட்டிய ரப்பர் பால் வேட்டியெல்லாம் வழிந்தது.

"பெரியப்பா... நான் என்ன தப்பு செஞ்சேன்?"

செருப்புக் காலைத் தூக்கினார். வேரைப் பிடித்திருந்த விரல்களின் மேல் வைத்தார்.

அழுத்தினார்.

ஒரு அலறல்... அப்புறம் தண்ணீர்ச் சத்தம்... அப்புறம் வட்டங்கள்.

சொந்தத் தம்பியின் ஒரே மகள். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவரே அவர்தான்!

எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் அவர் செல்போனுக்கு வந்த ஒரு போட்டோவால்.

ஷைஜா கல்லூரியில் சரித்திரம் நடத்துபவள். குடும்பத்தின் முன்னோடியான தங்கையனின் வாழ்க்கையை ரெண்டு வருஷமாகத் துருவிக் கொண்டிருந்தாள். மலையடிவாரக் காட்டை வெட்டி, மரச்சீனிக் கிழங்கும் வாழையும் வைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்திய விவசாயி தங்கையன். ரசலையனின் தாத்தா. வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்ப சங்கமம். முந்நூறு பேர் வருகிறார்கள். தங்கையன் பெயரில் கல்வெட்டு. திறந்து வைப்பவர் ரசலையன்.

போட்டோவில் இருந்தது பக்கத்து எஸ்டேட்டின் பழைய மரணப் பதிவேடு. ஒரே ஒரு பக்கம்.

'தங்கையன், விவசாயி. மரம் விழுந்து மரணம். கொல்லம் 1107, சித்திரை 9.'

கொல்லம் ஆண்டு! திருவிதாங்கூர் ராஜா காலத்துக் கணக்கு. அதோடு 824-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். ரசலையன் மனசுக்குள் கூட்டினார்.

1931.

அப்பா பிறந்த தேதி சர்ச் பதிவேட்டில் இருக்கிறது. அது அவருக்கு மனப்பாடம். 1932 ஜூன் 20.

தாத்தா செத்துப் பதினாலு மாதம் கழித்து... அப்பா!

அப்படியென்றால் அப்பா யாருக்குப் பிறந்தார்? இந்த ரசலையன் யாருடைய பேரன்?

ராத்திரி முழுக்க அவர் படுக்கவில்லை. விடிந்ததும் ஷைஜாவை வரச் சொன்னார்.

"இத எங்கேருந்து எடுத்த?"

"எஸ்டேட் பழைய ஆபீஸ் அலமாரியில பெரியப்பா. கரையான் தின்ன மிச்சம். ஞாயித்துக்கிழம எல்லாருக்கும் முன்ன வாசிக்கப் போறேன்."

"வாசிக்காண்டாம்."

"ஏன்?"

"ஏன்னு என் வாயால சொல்லணுமா பிள்ளே?"

ஷைஜா சிரித்தாள்.

"பெரியப்பாவுக்குக் கூச்சத்தப் பாரு! அடுத்த பக்கத்துல பூங்கனிப் பாட்டி சங்கதியும் இருக்கு. கேட்டா முந்நூறு பேரும் வாயப் பொளந்துருவாவ!"

பூங்கனி. தங்கையனின் மனைவி. அவள் சங்கதி!

"அந்தப் பேப்பர எங்கிட்ட தா."

"ஞாயித்துக்கிழம வர பொறுங்க. இப்பமே காட்டுனா ருசி போயிரும்."

ரசலையன் செருப்பை மாட்டினார். பிறகு சொன்னார்.

"வா மக்களே. உன் பூட்டன் முதல்ல வெட்டுன காடு எதுன்னு காட்டுகேன்."

அவள் குதித்துக் கொண்டு வந்தாள்.

பாறைக்குழி விளிம்பில் பின்னாலிருந்து தள்ளினார். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் விட்டுப் போயிருந்த பையை அப்படியே அடுப்பில் வைத்தார். படித்துப் பார்க்கக்கூட மனம் கூசியது. வேட்டியை வாளியில் போட்டு, சோப்புப் பொடி தூவி, வெந்நீர் ஊற்றினார். குளித்தார். வேறு வேட்டி. வேதப் புத்தகம்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது.

அந்தக் குடும்பத்து வாசலில் போலீஸ் ஜீப் நின்றது அதுவே முதல் தடவை.

இறங்கியவள் இன்ஸ்பெக்டர் சபிதா. கூடவே ஏட்டு கோலப்பன்.

"சாரே, என்னைய ஓர்மை இருக்கா? பத்தாங்கிளாஸ் பி. ஒரு கூட்டல் தப்பிச்சுன்னு ஆறு அடி தந்திய. 'கைய நீட்டு'ன்னு ஒரு சத்தம் போடுவிய பாருங்க... இன்னும் சொப்பனத்துல வருது!"

"அடிச்சதால தான் நீ இன்னைக்கு இன்ஸ்பெக்டர்."

"இருக்கட்டும். ஷைஜா செத்துட்டா சாரே. பால் வெட்டுக சுயம்புராஜ் தான் கண்டான்."

"கேள்விப்பட்டேன். கர்த்தர் சித்தம்."

சபிதா அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு துளிக் கண்ணீர் இல்லை.

"காலையில எங்க இருந்திய?"

"வீட்ல. வேதம் வாசிச்சேன்."

"ரப்பர் விளைக்குப் போகல்லியா?"

"நான் எதுக்குப் போகணும்? வெட்டுகதுக்கு ஆளுண்டு. ரப்பர் மரத்த இந்தக் கையால தொட்டது கிடையாது."

"அது நல்லாத் தெரியுது."

பின்வாசல் வழியாகக் கோலப்பன் வந்தார். கையில் வாளி!

"மேடம்... வேட்டி. ஊறப் போட்டிருக்காரு. அடுப்புல ஒரு பையும் பேப்பரும் கரிஞ்சு கெடக்கு."

சபிதா துணியைத் தூக்கினாள். வெள்ளை வேட்டியில் கையகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு. விரலால் பிடித்து இழுத்தாள்.

ரப்பர், ரப்பராகவே நீண்டது!

"துணியில பால் பட்டா சோப்புக்குப் போகாது சாரே. வெந்நி ஊத்துனா இன்னும் இறுக்கிப் பிடிக்கும். எங்கப்பா வெட்டுக்காரரு. எனக்குத் தெரியும். மண்ணுல கெடந்து உழைச்ச உங்க தாத்தா தங்கையனுக்கும் தெரிஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரியல்ல."

ரசலையன் வேதப் புத்தகத்தை மூடினார்.

"கரையில ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிஞ்சிருக்கு. அந்தத் துண்டு எங்க இருக்கு தெரியுமா? ஷைஜா கைக்குள்ள! விரல நிமித்தி எடுக்க எங்களுக்கு அர மணிக்கூர் ஆச்சு. மற்ற கையில நிமித்துகதுக்கு விரலே சரியா இல்ல... எல்லாம் நசுங்கிக் கெடக்கு."



ரசலையன் எழுந்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார்.

"ஆமா. நான்தான். கெஞ்ச மாட்டேன். எங்கப்பா தங்கையனுக்குப் பொறக்கல்லன்னு ஒருத்தி முந்நூறு பேருக்கு முன்ன வாசிப்பா... நான் கேட்டுட்டு இருக்கணுமா? 1931-ல செத்தவனுக்கு 1932 ஜூன்ல பிள்ளை! மானம் பெருசு பிள்ளே. அதுக்கு ஒரு உயிர்ன்னா... ஒரு உயிர்."

சபிதா புருவம் சுருக்கினாள்.

"1931-ஆ? யாரு சொன்னா?"

"பதிவேட்ல இருக்கு. கொல்லம் 1107 சித்திரை. 824-ஐக் கூட்டு."

கோலப்பன் குறுக்கே புகுந்தார். அவர் சுசீந்திரத்துக்காரர். கோயில் கொடியேற்றமும் குடும்பத்து நாள் நட்சத்திரமும் கொல்லம் கணக்கில் பார்த்து வளர்ந்தவர்.

"சாரே... கொல்லம் வருஷம் பொறக்கது ஆவணியிலயாக்கும். ஆவணியிலேருந்து இங்கிலீஷ் வருஷம் முடியுக வர தான் 824. ஜனவரி பொறந்தாச்சுன்னா 825. சித்திரைக்கு 825 கூட்டணும். அப்பம் 1932 ஏப்ரல்!"

ரசலையனின் உதடுகள் அசைந்தன. ஏப்ரல்... மே... ஜூன்...

ரெண்டு மாதம்!

"நீங்க எரிச்ச பேப்பர நேத்தே அவ போதகருக்கு அனுப்பியிருக்கா சாரே," சபிதா செல்போனை எடுத்தாள். "அடுத்த பக்கம். போதகர் எனக்கு அனுப்பித் தந்தாரு. வாசிக்கேன், கேளுங்க. 'மரம் சாய்வதைக் கண்ட தங்கையன், கீழே நின்ற இரண்டு கூலிகளைத் தள்ளிவிட்டுத் தான் அகப்பட்டான். மனைவி பூங்கனி ஏழு மாதக் கர்ப்பிணி. விளை மூன்று ஏக்கரும் அவளுக்கே எழுதித் தரலாயிற்று.' அதுக்குக் கீழ ஷைஜா எழுதியிருக்கா... 'பெரியப்பாவை மேடையில் அழ வைக்க வேண்டும். முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள் ஐயா.'"

"அப்பம்... எங்கப்பா தங்கையன் பிள்ளை தானா?"

"சந்தேகமே இல்ல."

ரசலையனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

அதற்கப்புறம்தான் ஷைஜாவின் ஞாபகம் வந்தது.

வெளிச்சம் அணைந்தது. 'கை தாங்க பெரியப்பா' என்ற குரல் காதுக்குள் ஏறியது. நாற்காலியைத் தேடினார்.

சபிதா நாற்காலியைக் காலால் அப்பால் தள்ளி விட்டாள்.

"நின்னுட்டே இருங்க. தப்பாக் கூட்டுனவங்கள நீங்க உக்கார விட்டதில்லியே!"

கோலப்பனிடமிருந்து கைவிலங்கை வாங்கினாள். பத்தாம் வகுப்பு பி பிரிவே அதிர்கிற குரலில் சொன்னாள்.

"கைய நீட்டுங்க சாரே!"