மாற்ற வராத ஆள்

வலது தோள் காலையிலிருந்தே வலித்தது. உலைக்கு முன்னால் கடப்பாரை பிடித்து நின்ற காலத்து வலி. உலை எரிகிற நாளில் மட்டும் வரும். உலை அணைந்து ஒன்பது வருடம் ஆகிறது.

ஒரு காலத்தில் நாட்டின் தண்டவாளம், பாலம், கப்பல் எல்லாவற்றுக்கும் இந்த ஆலையிலிருந்துதான் இரும்பு போனது. பிறகு துறைமுகத்தில் வெளிநாட்டு இரும்பு மலிவாக வந்து இறங்கியது. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி உலையை இப்போது காயலான் கடைக்காக வெட்டிக்கொண்டிருப்பவன், அதில் வேலை பார்த்த அவன்தான். மனதில் எதுவும் இல்லை. கிடைத்த கூலி.

“அண்ணே, இருட்டப்போகுது. உலைக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு எறங்குங்க, கேட்டைப் பூட்டணும்,” என்றான் மேஸ்திரி கீழேயிருந்து.

“இந்தத் தகடு ஒண்ணுதான். வர்றேன்.”

கேஸ் கட்டரை அணைத்தான். வெட்டிய விளிம்பின் சிவப்பு அணையவில்லை. உருகிய கசடும் ஈரச் சாக்கும் சேர்ந்த பழைய நாற்றம் மெல்ல எழுந்தது. அதற்கு அடியில் வியர்வை. யாருடையது என்று அவனுக்குத் தெரிந்தது.

உலையடியில் நிற்பவன் தானாக நகரக் கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, தோளில் கை வைத்து, “விடு, நான் பாத்துக்கறேன்” என்று சொல்ல வேண்டும். கடைசி நாள் அப்படி வர வேண்டியவன் அவன்தான். ஆலையை மூடுகிறார்கள் என்று டீக்கடையில் கேட்டதும், இனி எதற்கு என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். உலையடியில் நின்றது மச்சான், மனைவியின் அண்ணன். அவர் வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. வெளியூர் போய்விட்டார் என்றார்கள். அவனும் வீட்டில் அதையே சொன்னான். மனைவி தினமும் ராத்திரி ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாள். “எங்க அண்ணன் பசியோடதான் வரும்.”

டொக். டொக். டொக்.

உள்ளிருந்து. கடப்பாரையைத் தரையில் தட்டி மாற்றாளைக் கூப்பிடுகிற சத்தம்.

தகடு கழன்று விழுந்தது.

உள்ளே உறைந்த இரும்பு. அதில் ஒரு முதுகு. சட்டை மடிப்பு இரும்பில் தெரிந்தது. வலது தோள் சற்றே தாழ்ந்திருந்தது, கை வைக்க வாகாக.

அவன் கை போனது.

“விடு மச்சான். நான் பாத்துக்கறேன்.”

தோள் இறங்கியது. ஒரு பெருமூச்சு. கடப்பாரை இப்போது அவன் கையில். கொதித்தது. விரல்கள் திறக்கவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் மச்சானின் பூட்ஸ் சத்தம். படி படியாக இறங்கியது.

“வந்துட்டீங்களாண்ணே?” கீழே மேஸ்திரியின் குரல். “ஒடம்பு ஏன் இப்படிக் கொதிக்குது? நேரா வீட்டுக்குப் போங்க. அண்ணி சாப்பாடு எடுத்து வெச்சிருப்பாங்க.”

கேட் பூட்டிய சத்தம்.

தோள்வலி நின்றிருந்தது. உலை எரிந்தது. மாற்ற வர இனி ஆள் இல்லை.

மச்சானுக்கு அவன் ஒரு ஷிப்ட் பாக்கி.