வாயுள்ள பவளம்

காலை உணவுக்கு எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறி, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தூத்துக்குடிக் கடலுக்குள் எழும்பிய அந்த அடுக்குமாடியில் அடுப்பே கிடையாது. தோலுக்கடியில் பதித்த பச்சைய இழைகள் வெயிலைச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் கலந்துவிடும். மனிதர்கள் சாப்பிடுவதை நிறுத்தி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது.

ஜெனோவாவின் வீட்டில் மட்டும் ஒரு ஜீவன் சாப்பிட்டது. கண்ணாடித் தொட்டியில் அவள் வளர்த்த ஆரஞ்சு நிறப் பவளம். மற்ற வீடுகளிலும் பவளங்கள் உண்டு. அவற்றின் உடம்புக்குள் பாசி குடியிருந்து, விளக்கொளியிலேயே உணவு செய்து கொடுத்துவிடும். இதற்குப் பாசி இல்லை, வெறும் வாய்கள்தான். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாகச் சொட்டுக்குழாயால் இறால் துணுக்கு ஊட்ட வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. வடிகட்டியில் சிக்கும் இறால்களை எடுத்து வருவாள்.

ஒருநாள் குடியிருப்போர் சங்கத் தலைவர் கோமதிநாயகம் வந்தார். கூடவே தொட்டியைத் தூக்க ஓர் எந்திரன்.

“தளம் முழுக்கக் கவுச்சி வாடைம்மா. சாப்பிடுற எந்த உயிரையும் இங்க வளக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. இத அனுப்பிருங்க.”

“எங்க அனுப்ப? கடல்ல இது இருந்த பாறையே இப்ப இல்ல.”

“அது சங்கத்தோட பிரச்சினை இல்லையே.”

“அப்ப இதுவும் சங்கத்தோட பிரச்சினை இல்ல. தொட்டிய எடுக்கணும்னா முதல்ல என்னத் தூக்கட்டும்.”

அவள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மனிதரைத் தொட எந்திரனுக்கு அனுமதி இல்லை. விவகாரம் பொதுக்கூட்டத்துக்குப் போனது.

ஜெனோவா பேச்சு எதுவும் தயாரிக்கவில்லை. தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கூட்டத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினாள். சுருங்கிக் கிடந்த பவளத்தின் மேல் இறால் சாற்றைச் சொட்டினாள். மொட்டுகள் மெல்ல வீங்கி, மஞ்சள் விரல்களை நீட்டி, ஒவ்வொன்றாய் வாய் திறந்தன. ஒரு துணுக்கு உள்ளே போனதும் கூட்டத்தில் பலர் எச்சில் விழுங்கினார்கள். ஏனென்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஓட்டெடுப்பில் பவளம் வென்றது.

சில வாரங்களில், ஜெனோவா கிள்ளிக் கொடுத்த துண்டுகளால் வீட்டுக்கு வீடு அதே பவளம். கோமதிநாயகமும் ஒரு துண்டு வாங்கினார். கூடவே மின்தூக்கியில் ஓர் அறிவிப்பும் ஒட்டினார்: ‘பச்சை உணவு உண்ணும் பவளங்களுக்கு மட்டுமே மேல்தளங்கள். இறால் தின்பவை கீழே மாற வேண்டும்.’ பச்சை உணவு என்றால் பாசித்தூள். ஜெனோவா தூளுக்கும் மாறவில்லை, கீழ்த்தளத்துக்கும் மாறவில்லை.

ஒரு மத்தியானம் கோமதிநாயகம் தனியாக வந்தார்.

“என் பவளம் வாயே திறக்க மாட்டேங்குதும்மா. சதையெல்லாம் கரையுது.”

“தூள் அதுக்கு ஆகாது. இறால் குடுங்க.”

“அதான்... கொஞ்சம் கிடைக்குமா? யாருக்கும் தெரியாம.”

“கிடைக்கும். ஆனா ஒளிச்சுக் கொண்டுபோகக் கூடாது. கிண்ணத்த மூடாம எல்லாரும் பாக்கக் கொண்டுபோங்க.”

அவள் நீட்டிய கிண்ணத்தை அவர் எட்டிப் பார்த்தார்.

“காய்ஞ்ச இறாலா?”

“இல்ல, பச்சை இறால்.”

அவர் முகம் மலர்ந்தது. “பச்சைதானே? அப்ப விதிப்படி சரிதான்.”

கிண்ணத்தை உயரத் தூக்கிப் பிடித்தபடி தாழ்வாரத்தில் நடந்தார். ஜெனோவா பேனாவுடன் அவரை முந்திக்கொண்டு மின்தூக்கிக்குப் போய், அறிவிப்பின் இரண்டாம் வரியை முழுக்கவும், முதல் வரியில் ‘பச்சை உணவு’ என்பதையும் அடித்துவிட்டு, அவர் பார்க்கப் பார்க்க ‘இறால்’ என்று எழுதினாள்.