ஆறு கம்பத் தூரம்

செவ்வாய்க் கிரகத்தில் சனிக்கிழமை என்றால் ரத்தம் துவைக்கிற நாள். நம் ஆட்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஒதுக்கி வைத்திருந்த கிழமை அங்கே போய் இப்படி ஆகிவிட்டது. மண்ணைப் பிழிந்தெடுக்கும் தண்ணீரில் எவ்வளவு வடிகட்டினாலும் உப்பு நஞ்சு கொஞ்சம் மிஞ்சும். நாற்பது வயதுக்குள் பாதிப் பேருக்குச் சிறுநீரகம் கையை விரித்துவிடும். ஆகவே வாரம் ஒரு முறை கட்டுச்சோறும் கையுமாக, ஆஸ்பத்திரி இருக்கும் பெருங்கூடாரத்துக்குப் போவார்கள். ஒரு குழாயில் வெளியேறும் ரத்தம் இன்னொரு குழாயில் சுத்தமாகித் திரும்பும்வரை பக்கத்துக் கட்டில்காரரோடு ஊர்க்கதை பேசுவார்கள். சாயங்காலம் வீடு வந்து சேருவார்கள். இதை யாரும் பெரிய விஷயமாக நினைப்பதில்லை.

புதுக்கொற்கைக் குடியிருப்பின் பூரணியும் நினைத்ததில்லை. ஆனால் போன சனிக்கிழமை புழுதிப் புயலில் பாதை அடைபட்டு, ஒரு துவைப்பு தவறிப்போயிற்று. இந்தச் சனிக்கிழமை காலையில் அவளுக்கு முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. வண்டியில் கணவன் இசக்கியப்பனின் தோளில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். இன்னொரு துவைப்பும் தவறினால் ஆள் மிஞ்சமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

பாதி வழியில் வண்டி இடப்பக்கம் இழுத்தது. முன்னால் போன எந்த வண்டியோ உதிர்த்த ஆணி ஒன்று டயரில் ஏறியிருந்தது.

அது தாங்கு டயர். அதன் பக்கச் சுவர் தடித்த ரப்பர். காற்று முழுக்கப் போனாலும் வண்டியின் எடையைத் தானே தாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடும். மாற்று டயரைச் சுமந்து திரிய வேண்டாம் என்பதால் புதுக்கொற்கையில் எல்லா வண்டிக்கும் அதுதான். ஆனால் காற்றில்லாமல் அதிக தூரம் ஓடினால் பக்கச் சுவர் உள்ளுக்குள் வெந்து நைந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறுத்துப் பார்த்தால் தெரியும். அறுத்த டயருக்குப் பஞ்சர் ஒட்டி என்ன புண்ணியம்?

இசக்கியப்பன் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டினான். பாதையோரம் கிலோமீட்டருக்கு ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். ஆறாவது கம்பத்தில் தங்கல் நிலையம் வந்தது. ஆள் கிடையாது, அறையும் காற்றும் தண்ணீரும் உண்டு. போன மாதம்தான் பூமியிலிருந்து சக்கர ஆய்வி என்ற இயந்திரத்தையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டயரைத் தட்டிப் பார்த்து, ஒட்டலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை. ஒட்டலாம் என்றால் அதுவே ஒட்டிக் காற்றும் அடித்துவிடும். கூடாது என்றால் வண்டியைப் பூட்டிவிடும்.

ஆய்வி தன் கையை நீட்டி ஆணியைப் பிடுங்கியது.

"துளை நடுப்பகுதியில் இருக்கிறது. பக்கச் சுவரில் இல்லை. நல்லது. துளை சிறியது. அதுவும் நல்லது. காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்?"

காற்றழுத்தக் காட்டியெல்லாம் அந்தப் புழுதியில் ஒரு மாதம் தாங்காது. ஓட்டியவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். செவ்வாயில் பிறந்தவர்களுக்குப் பொய் வராது. ஏதோ உத்தம குணம் என்று நினைத்துவிடாதீர்கள், பயம். கூடாரத்தில் தன்னால் ஏற்பட்ட கசிவை ஒருவன் மறைத்தால் ஊரே மூச்சுமுட்டிச் சாகும். அதனால் குழந்தை குழாயைத் தட்டிவிட்டால்கூட, "நான்தான் தட்டினேன், இரண்டு தடவை" என்று எண்ணிக்கையோடு ஓடிவந்து சொல்லும். இசக்கியப்பனும் அப்படி வளர்ந்தவன்தான்.

"ஆறு கம்பம். ஆறு கிலோமீட்டர்" என்றான்.

"அப்படியானால் இருபத்து நான்கு. வரம்பு பத்து. இந்த டயரை ஒட்ட முடியாது. வண்டி பூட்டப்பட்டது. மீட்பு வண்டி நாளை மதியம் வரும்."

"இருபத்து நாலா? நான் ஆறுன்னுல்லா சொன்னேன்!"

"ஆறு என்று சொன்னீர்கள். திருத்தக் கணக்கின்படி இருபத்து நான்கு."

"என்னய்யா திருத்தக் கணக்கு?"

ஆய்வி பொறுமையாக விளக்கியது. அதன் அறிவு முழுக்க இருபத்தோராம் நூற்றாண்டுப் பூமியில் திரட்டியது. அன்றைக்குப் பஞ்சர் கடைகளில் வண்டிக்காரர்கள் சொன்ன தூரத்தையும், பிறகு அந்த டயர்களை அறுத்தபோது தெரிந்த தூரத்தையும் பல லட்சம் முறை ஒப்பிட்டிருக்கிறார்கள். "இப்பத்தாண்ணே இறங்குச்சு, தெருமுனையில இருந்துதான் வர்றேன்" என்றவர் பக்கத்து ஊர்ச் சுங்கச்சாவடியிலிருந்து வந்திருக்கிறார். "ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது பாஸ்" என்றவர் கல்யாண வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்ததில் உண்மை, சொன்னதைப் போல நான்கு மடங்கு.

ஆமாம், நீங்களும் நானும் சொன்னதுதான். நம் பஞ்சர் கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டாரே, அதுதான்.

"நான் பொய் சொல்லலை" என்றான் இசக்கியப்பன். அந்த வாக்கியத்தை அவன் அதுவரை சொல்ல நேர்ந்ததேயில்லை.

"அதையும் அவர்கள் சொன்னார்கள்."

"சரிய்யா, அப்போ ஒண்ணரைன்னு எழுதிக்கோ. ஒண்ணரைதான் ஓட்டினேன். ஒண்ணரைன்னு வச்சுக்கோயேன்!"

"முதல் பதில் மட்டுமே ஏற்கப்படும். இது உங்கள் உயிர்ப் பாதுகாப்பைக் கருதி."

அவன் ஆய்வியைக் காலால் உதைத்தான். அது மெதுவாகப் பின்னால் நகர்ந்து, காயம் பட்டதா என்று விசாரித்தது. வண்டிக்குள் ஏறிப் பூட்டை இழுத்தான், அடித்தான், கெஞ்சினான். பெருங்கூடாரத்தைக் கூப்பிட்டான். நாளைக்கு முன்னால் அனுப்ப வேறு வண்டி இல்லை, தீர்ப்பை மாற்றும் அதிகாரமும் பூமிக்குத்தான் இருக்கிறது என்றார்கள். பூமிக்கு விண்ணப்பம் போயிற்று. பதில் வர மூன்று வேலை நாள் ஆகும் என்று மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது.

உள்ளறைக் கட்டிலில் பூரணி படுத்திருந்தாள்.

"என்னங்க, ஒட்டித் தரமாட்டேங்குதா?"

"மாட்டேங்குது."

"நீங்க எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"ஆறு."

அவள் கண்ணை மூடி விரல் மடக்கி எண்ணினாள். "ஆறுதானே. நானும் எண்ணிக்கிட்டுல்லா வந்தேன். சரியாத்தான சொல்லியிருக்கீங்க" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்து, "நீங்க ஏன் அழுதீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அவள் பேச்சு குழறியது. மீட்பு வண்டியின் புழுதி தூரத்தில் தெரிந்தபோது பேச்சே இல்லை. வண்டி வந்து நின்றபோது உயிரும் இல்லை. பாவி மனுஷன், ஓடிப்போய் வண்டிக்காரர்களிடம், "இன்னும் சூடு இருக்கு, பாருங்க, சூடு இருக்கு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான்.

விதிப்படி அந்த டயரை அறுத்தார்கள். பக்கச் சுவர் உள்ளே வழுவழுவென்று புதிதாக இருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆய்வி அதைப் பார்த்து, இது விதிவிலக்கு என்று குறித்துக்கொண்டது. ஒரு விதிவிலக்கால் சராசரி அசையாது.

அதன்பிறகு இசக்கியப்பன் ஊரில் இருக்கவில்லை. தங்கல் நிலையத்திலேயே தங்கிக் கூட்டிப் பெருக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

சில மாதங்கள் கழித்து நாச்சியார் என்ற குழாய்ப் பொறியாளர் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்சக்கரத்தில் பஞ்சர். பெருங்கூடாரத்தில் அவள் தம்பி அறுவைக்குக் காத்திருந்தான். அவனுக்குக் கொடுக்கப் பொருந்தும் ரத்தம் அவளுடையதுதான். அவளும் செவ்வாயில் பிறந்தவள்.

ஆய்வி கையை நீட்டுவதற்குள் இசக்கியப்பன் அவளைத் தனியே இழுத்துப் போனான்.

"தூரம் கேக்கும். ஒரு கிலோமீட்டர்னு சொல்லும்மா."

"அண்ணே, நான் வந்தது—"

"எங்கிட்ட சொல்லாத! எவ்வளவா இருந்தாலும் ஒண்ணுன்னு சொல்லு. இல்லன்னா உன் தம்பி செத்துருவான். நான் பாத்தவன் சொல்லுதேன்."

அவளுக்கு அது வாழ்க்கையில் முதல் பொய் அல்லவா. ஆய்வியின் முன்னால் போய் நின்று, "ஒரு கிலோமீட்டர்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்படியானால் நான்கு. ஒட்டலாம்" என்றது ஆய்வி. சிறிது நேரத்தில் டயர் தயாராகிவிட்டது. அவள் இசக்கியப்பனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேகமாகக் கிளம்பினாள். அவனுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கியது.

போகிற வழியில் ஓர் இறக்கத்தில் டயர் வெடித்து வண்டி உருண்டது. கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று போய்விட்டது, நாச்சியார் பிழைக்கவில்லை. மீட்புக்காரர்கள் டயரை அறுத்துத் தங்கல் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆய்வி அதை அளந்து, "சொன்னது ஒன்று, ஓட்டியது முப்பத்தெட்டு" என்று அறிவித்தது.

இசக்கியப்பன் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றான். ஆய்வி அவன் பக்கம் திரும்பி, செவ்வாய் மக்கள் உண்மை பேசுவார்களோ என்று தனக்கிருந்த ஐயம் தீர்ந்துவிட்டதாகவும், இனி அவர்கள் சொல்லும் தூரத்தை ஐந்தால் பெருக்கப் போவதாகவும் பணிவாகத் தெரிவித்தது.